தியேட்டருன்னா சினிமா தியேட்டர் இல்லை

“தியேட்டர் ரெடி, தம்பியைக் கூட்டிட்டு வாங்க” என்று சிஸ்டர் சொன்னதும் மகன் கட்டிலில் இருந்து துள்ளி இறங்கி, “என்ன படம்மா?” என்று கேட்டான். அப்போது அவனுக்கு மூணே முக்கால் வயது. முந்தின நாளில் இருந்தே நான்தான் அப்படிச் சொல்லி வைத்திருந்தேன். தியேட்டருக்குப் போறோம், பெரிய லைட்டெல்லாம் இருக்கும், ஏசி போட்டிருப்பாங்க. முழுப் பொய்யும் இல்லையே என்று எனக்கு ஒரு சமாதானம். பச்சை உடுப்பு போட்ட இரண்டு பேர் கதவைத் திறந்து என் இடுப்பில் இருந்து அவனைப் பிரித்து வாங்கியபோது அவன் உடனே அழவில்லை. என் முகத்தைத்தான் பார்த்தான். கதவைச் சாத்திய பிறகுதான் சத்தம் கேட்டது.

வலது பக்கக் குடலிறக்கம், அதாவது ஹெர்னியா. சின்னப் பிள்ளைகளுக்குச் செய்கிற ஆபரேஷன்களில் ரொம்பச் சாதாரணமானது, காலையில் சேர்த்தால் சாயங்காலம் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஒரு பக்கம் செய்த பிள்ளைகளில் சிலருக்குப் பிற்பாடு மறுபக்கமும் வரும் என்று டாக்டர் முதலிலேயே சொல்லியிருந்தார். ஒன்பது மாதம் கழித்து எங்களுக்கும் வந்தது. அதே ஆஸ்பத்திரி, அதே கதவு. இரண்டாம் தடவை அவனே நடந்து உள்ளே போனான். டாக்டரும் மாறவில்லை, மருந்தும் பெரிதாக மாறவில்லை, பிள்ளையைத் தயார் பண்ணின விதம்தான் மாறியிருந்தது. அவன் அப்பா தோஹாவில் இருக்கிறார், துணைக்கு என் அம்மா மட்டும்தான். முதல் தடவை இதையெல்லாம் எடுத்துச் சொல்ல எங்களுக்கு ஆள் இல்லை, அதனால் எழுதுகிறேன்.

விளையாட்டுக்கு முன்னால் வயிற்றைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும், பசியில் இருக்கிற பிள்ளையிடம் எந்த விளையாட்டும் எடுபடாது. முதல் தேதி குறித்த அன்று கோவில்பட்டியில் இருந்து விடிகாலை நாலு மணிக்குக் கார் பிடித்து மதுரைக்குக் கிளம்பினோம், எட்டு மணிக்கு ஆபரேஷன். வெறும் வயிற்றோடு பிள்ளையை எப்படி அவ்வளவு தூரம் கூட்டிப் போவது என்று அம்மா எனக்குத் தெரியாமல் அரை டம்ளர் பால் கொடுத்துவிட்டாள். அங்கே போய் “தம்பி கடைசியா என்ன சாப்பிட்டீங்க?” என்று கேட்டதற்கு அவனே சொல்லிவிட்டான், “ஆச்சி பால் தந்தா.” ஆபரேஷன் ரத்து. பால் வயிற்றுக்குள் திரிந்து கட்டியாகிவிடும், அதனால் அதையும் சோற்றுக் கணக்கில்தான் வைப்பார்கள். மயக்கத்தில் இருக்கும்போது அது மேலே ஏறி நுரையீரலுக்குள் போய்விட்டால் உயிருக்கே ஆபத்து. பொதுவான கணக்கு இதுதான்: இட்லி, பிஸ்கட், பசும்பால், பவுடர் பால் எல்லாவற்றுக்கும் 6 மணி நேரம், தாய்ப்பாலுக்கு 4, வெறும் தண்ணீருக்கு 2. “எதுவும் கொடுக்கக் கூடாது” என்றால் பால் அதில் சேராது என்று அம்மா நினைத்திருக்கிறாள், அவள் மேல் தப்பில்லை. அது புரிகிறதுக்குள் ஒரு வாரம் அவளோடு நான் பேசாமல் இருந்துவிட்டேன். இரண்டு வாரம் கழித்து மறுபடி போனால் சளியும் இருமலும், நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்துவிட்டு இன்னும் மூன்று வாரம் தள்ளி வைத்தார்கள். வீணாய்ப் போன கார் வாடகை இரண்டு நடைக்கு 8,000 ரூபாய், திரும்ப எடுத்த டெஸ்ட்டுகளுக்கு 1,350, ஆபீஸில் ஆறு நாள் லீவு. அதற்குள் வீக்கம் உள்ளே போகாமல் கல்லு மாதிரி நின்றுவிடுமோ என்று ஒவ்வொரு குளியலிலும் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது தேதியில் ஒருவழியாக நடந்தது. ராத்திரி 10 மணிக்கு மேல் ஒன்றும் கூடாது என்றார்கள், நானும் சொட்டுத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. ஆனால் அவன் முறை வந்தது பதினொன்றரைக்கு. பதிமூன்றரை மணி நேரப் பட்டினி! தண்ணீர் மட்டும் ஒன்பதரை வரைக்கும் கொடுத்திருக்கலாம் என்று பிறகுதான் தெரிந்தது. முந்தின நாள் சாயங்காலமே இரண்டு கேள்வி கேட்டு வைத்துவிடுங்கள்: தண்ணீர் எத்தனை மணி வரைக்கும் தரலாம், சின்னப் பிள்ளை என்பதால் முதல் கேஸாக எடுப்பீர்களா. காலையில் நேரம் தள்ளிப்போனால் தண்ணீர்க் கேள்வியைத் திரும்பக் கேளுங்கள், கேட்காமல் யாரும் சொல்ல மாட்டார்கள்.

வென்ஃப்ளான், அதாவது மருந்து ஏற்றுவதற்குக் கையில் குத்தி வைக்கிற சின்னக் குழாய், அதைப் போட்ட அந்த அரை மணி நேரத்தைப் பற்றி எழுதவே கஷ்டமாக இருக்கிறது. மல்லாக்கப் படுக்க வைத்து நாலு பேர் பிடித்துக்கொண்டார்கள், மூன்று இடத்தில் குத்தினார்கள். நான் “ஒண்ணுமில்ல ராசா, சரியாயிரும், அழாத” என்று சொல்லிக்கொண்டே இருந்தேன், அம்மா ஒரு பக்கம், சிஸ்டர் ஒரு பக்கம். மல்லாக்கக் கிடத்தினாலே பிள்ளைக்குத் தன் கையில் எதுவும் இல்லை என்று ஆகிவிடும், பயம் அங்கேயே இரட்டிப்பாகிறது. மடியில் உட்கார வைத்து, அவன் முதுகு நம் நெஞ்சில் சாய்ந்திருக்க, நம் ஒரு கை அவன் வயிற்றைச் சுற்றியும் இன்னொன்று குத்துகிற கையின் முழங்கைக்குக் கீழேயும் இருந்தால் போதும், பிடிமானமும் உண்டு, கட்டிப்பிடித்த மாதிரியும் இருக்கும். எந்தக் கையில் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். என் மகன் வலது கட்டைவிரல் சூப்புவான். வென்ஃப்ளானை வலது கையில் போட்டு அட்டை வைத்துக் கட்டியதும் இருந்த ஒரே ஆறுதலும் போய்விட்டது.

மரத்துப்போகிற கிரீம் என்று ஒன்று இருப்பதே அப்போது எனக்குத் தெரியாது. லிடோகெய்ன், பிரிலோகெய்ன் இரண்டையும் 2.5% வீதம் கலந்தது, பிரிலாக்ஸ் என்ற பெயரில் மருந்துக்கடையில் கிடைக்கும், டாக்டரிடம் எழுதி வாங்க வேண்டும். இரண்டாம் தடவை ஃபிட்னெஸுக்கு, அதாவது ஆபரேஷனுக்கு உடம்பு தயாரா என்று பார்ப்பதற்கு, ரத்தம் எடுக்கும் முன் இதைத்தான் போட்டுப் பார்த்தோம். தேய்க்கக் கூடாது, கெட்டியாக, ஐந்து ரூபாய் நாணயம் அகலத்துக்குக் குவித்து வைத்து, மேலே ஒட்டுகிற பிளாஸ்டிக் உறையைப் போட்டு மூடி ஒரு மணி நேரம் விட வேண்டும். ஒரு இடத்தில் ரத்தக்குழாய் கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்று இரண்டு இடத்தில் போடச் சொன்னார்கள். இருபது நிமிஷத்தில் துடைத்துவிட்டு “கிரீம் வேலை செய்யல” என்று சொல்கிறவர்கள் உண்டு, அந்த நேரத்தில் அது வேலை செய்யாதுதான். தோல் வெளுத்துப் போகும், ரத்தக்குழாயும் சுருங்கும், அதனால் துடைத்த பிறகு ஐந்து பத்து நிமிஷம் விட்டுக் குத்தினால் நல்லது. பிள்ளை நக்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், புண் இருக்கிற இடத்தில் போடாதீர்கள், கைக்குழந்தை என்றால் டாக்டர் சொன்ன அளவைத் தாண்டவே கூடாது. அப்புறம், அந்த பிளாஸ்டிக்கை உரித்ததற்குத்தான் என் மகன் அழுதான், ஊசிக்கு இல்லை. மேலே பிடித்து வெடுக்கென்று இழுக்காமல் ஓரத்தைப் பிடித்துப் பக்கவாட்டில் இழுத்தால் தானாக விட்டுவிடும்.

போன் இருக்கிறதே, கார்ட்டூன் போட்டுக் கொடுத்தால் முடிந்தது என்றுதான் எல்லாரையும் போல நானும் நினைத்தேன். முதல் தடவை காலை ஏழு மணிக்கே கொடுத்துவிட்டேன். பத்தரைக்குள் அவனுக்கு அது சலித்துவிட்டது, சார்ஜ் 12% ஆகிவிட்டது. தியேட்டர் இருக்கிற தளத்தில் சிக்னல் கிடையாது, வீடியோ சுற்றிக்கொண்டே நின்றது. நின்ற அந்த நிமிஷம்தான் அவன் தலையைத் தூக்கிச் சுற்றிலும் பார்த்தான். போனை ஆபத்துக்கு எடுக்கிற ஆயுதமாக வைத்துக்கொள்ள வேண்டும். வீடியோ, கேம் எல்லாவற்றையும் முதல் நாளே டவுன்லோட் பண்ணி, ஏர்பிளேன் மோடில் ஓடுகிறதா என்று பார்த்துவிடுங்கள். சும்மா பார்க்கிற கார்ட்டூனைவிட விரலால் தட்டி விளையாடுகிற கேம் நன்றாகப் பிடித்து வைக்கும். ஊசிக்கும் தியேட்டர் வாசலுக்கும் தவிர வேறு எதற்கும் அன்றைக்குப் போன் கிடையாது.

தூக்கம் வருவதற்குக் கொடுக்கிற மிடசோலம் மருந்தும் நேரம் பார்த்தால்தான் உதவும். குடித்து இருபது முப்பது நிமிஷத்தில் பிள்ளை சொக்கும், முக்கால் மணி நேரத்துக்கு மேல் போனால் பிடி தளரும். முதல் தடவை மருந்தைக் கொடுத்த பிறகு முந்தின கேஸ் இழுத்துக்கொண்டது, கூப்பிடும்போது அவன் நன்றாகத் தெளிந்திருந்தான். “உள்ளே கூப்பிடப் போறாங்கன்னு உறுதியான பிறகு தருவீங்களா சிஸ்டர்?” என்று கேட்பதில் தப்பில்லை. மருந்து கசக்கும், குடித்த பிறகு கால் தள்ளாடும், இறக்கி நடக்க விடாதீர்கள். சில பிள்ளைகள் சொக்குவதற்குப் பதில் முரண்டு பிடிக்கும், அதுவும் இந்த மருந்தில் நடப்பதுதான்.

ஆபரேஷன் முடிந்து வெளியே வந்ததும் நடந்ததுதான் என்னை ரொம்பப் பயமுறுத்தியது. கண்ணைத் திறந்தே அலறினான், என்னைத் தெரியவில்லை, கையால் அடித்தான். மூளைக்கு ஏதோ ஆகிவிட்டது என்றே முடிவு பண்ணிவிட்டேன். மயக்கம் தெளியும்போது வருகிற குழப்பம் அது, பள்ளிக்கூடம் போகாத வயதுப் பிள்ளைகளிடம் அதிகம், பெரும்பாலும் அரை மணிக்குள் தானாக அடங்கும். உலுக்கக் கூடாது, ஆளாளுக்குப் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாது. விளக்கைக் குறைத்து, கட்டில் கம்பியைத் தூக்கிவிட்டு, ஒருவர் மட்டும் பக்கத்தில் இருந்து, வலிதானா என்று சிஸ்டரைப் பார்க்கச் சொல்ல வேண்டும். பிறகு இரண்டு வாரம் படுக்கையை நனைத்தான், ராத்திரி எழுந்து உட்கார்ந்தான். அது போய்விட்டது. ஆனால் மெடிக்கல் ஷாப் வாசலில் கூட நிற்காத பயமும், “தியேட்டர்” என்ற சொல்லும் மாதக்கணக்கில் நின்றது. ஒரு பண்டிகைக்குப் படம் பார்க்கக் கூட்டிப் போய் வாசலோடு திரும்பி வந்தோம்.

இரண்டாம் தடவை முதல் வேலையாக உண்மையைச் சொன்னேன். எப்போது சொல்வது என்பதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. மூன்று வயதுக்குள் என்றால் முதல் நாள் போதும், நாலு ஐந்து வயதுக்கு இரண்டு மூன்று நாள், ஆறுக்கு மேல் ஒரு வாரம் வேண்டும். சின்னதுகளுக்கு ரொம்ப முன்னாடி சொன்னால் அதையே நினைத்துக்கொண்டிருக்கும், பெரியதுகளுக்குக் கடைசி நேரத்தில் சொன்னால் யோசித்து முடிக்க நேரம் இருக்காது. “உன் தொடைக்கு மேல வீங்குதுல்ல, அதை டாக்டர் சரி பண்ணுவாங்க. மாஸ்க் வச்சுத் தூங்க வைப்பாங்க, சரி பண்ணும்போது உனக்குத் தெரியாது. முழிச்சதும் கொஞ்சம் வலிக்கும், மருந்து தருவாங்க, நான் இருப்பேன்.” இவ்வளவுதான். ஊசி எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும் என்று ஒரு தடவை சொல்லப் போக, எங்கள் வீட்டுக் கட்டெறும்பை நினைத்து அழ ஆரம்பித்துவிட்டான். கிள்ளுகிற மாதிரி என்று மாற்றினேன். அஞ்சு எண்ணுறதுக்குள்ளே முடிஞ்சிரும் என்றும் சொல்லாதீர்கள், ஆறாவது எண்ணில் நம் பேச்சுக்கு மதிப்பு போய்விடும். இந்த வயதில் பிள்ளைகள் ஆபரேஷனைத் தண்டனை என்றே எடுத்துக்கொள்ளும். “சாப்பிடலைன்னா டாக்டர்கிட்டச் சொல்லி ஊசி போட்டுருவேன்” என்று மூன்று வருஷமாக மிரட்டி வளர்த்துவிட்டு அந்த நினைப்பு எங்கிருந்து வந்தது என்று கேட்கக் கூடாது. எங்கள் வீட்டில் அந்தப் பேச்சை அன்றோடு நிறுத்தினோம். நீ ஒரு தப்பும் பண்ணல என்று அவனிடம் வாய் விட்டே சொன்னேன்.

பிறகு மூன்று நாள் டாக்டர் விளையாட்டு. அவனுடைய துணி யானைதான் பேஷன்ட். ஊசி இல்லாத 5 மில்லி சிரிஞ்ச், ஒட்டுத்துணி, தலைக்கு ஒரு குல்லா, ஃபிட்னெஸ் பார்க்கப் போனபோது மயக்க மருத்துவரிடம் கேட்டு வாங்கிய மாஸ்க் ஒன்று. மாஸ்க் கிடைக்காவிட்டால் வீட்டில் நெபுலைசர் மாஸ்க் இருந்தால் அதுவே போதும். வரிசை முக்கியம். முதலில் பிள்ளை டாக்டர், யானைக்குச் செய்வான். அடுத்து எனக்கு. கடைசியில்தான், அவனுக்கு இஷ்டமிருந்தால், அவனுக்கு. ஒரு வேளைக்குப் பத்துப் பதினைந்து நிமிஷம், முகத்தைத் திருப்பினால் அத்தோடு மூட்டை கட்டிவிட வேண்டும். யானைக்கு விரலில் சிவப்பு விளக்கு கிளிப் மாட்டினோம், நெஞ்சில் மூன்று ஸ்டிக்கர் ஒட்டினோம், ஏனென்றால் உள்ளே அவனுக்கும் அதைத்தான் செய்வார்கள். மாஸ்க்கை வைத்து பலூன் ஊதுவது போலப் பத்து மூச்சு. மயக்க மருந்து மெஷினில் நிஜமாகவே ஒரு பை பலூன் மாதிரி உப்பிச் சுருங்கும், “நீ ஊதுறதுதான் அது” என்றால் அவர்களுக்கு ஒரே பெருமை. மாஸ்க்குக்கு வாசனை வேண்டும் என்றால் மயக்க மருத்துவரிடமே கேளுங்கள், எங்களுக்கு ஒரு சொட்டு ஆரஞ்சு எசென்ஸ் போட்டுத் தந்தார். வாஸ்லின், எண்ணெய் மாதிரி எதையும் நாமாகத் தடவக் கூடாது, உள்ளே போவது ஆக்ஸிஜன், எண்ணெய்ப் பசை இருந்தால் தீப்பிடிக்கிற ஆபத்து.

அதே நாளில் அவரிடம் இன்னொன்றும் கேட்டேன்: மாஸ்க்கில் தூங்கின பிறகு வென்ஃப்ளான் போடலாமா? “தாராளமாப் போடலாம்மா, பிள்ளைங்களுக்கு அப்படித்தான் செய்வோம்” என்றார். முதல் தடவை வார்டிலேயே போட்டது அங்கே வழக்கம் என்பதற்காக மட்டும்தான். இதைக் கேட்டபோது எனக்குக் கோபமே வந்தது. எல்லா ஆபரேஷனுக்கும் எல்லாப் பிள்ளைக்கும் இது சரிப்படாது, ஆனால் கேட்காமல் விடாதீர்கள்.

பைக்குள் எடுத்துப் போனது சோப்புக் குமிழி டப்பா, காற்றாடி, பலூன் நாலு, ஸ்டிக்கர், படத்தில் ஒளிந்திருப்பதைத் தேடுகிற புத்தகம், அவன் அதுவரை பார்க்காத ஒரு சின்ன லைட் பம்பரம். எல்லாவற்றையும் கட்டிலில் பரப்பிவிடாமல் ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும், மெதுவானது முதலில், புதுசு கடைசி ஐந்து நிமிஷத்துக்கு. குமிழி ஊதினால் மூச்சு தானாக நீளமாகும், உடம்பு தளரும், ஆனால் தரையில் விழுந்தால் வழுக்கும், தியேட்டருக்குள் விட மாட்டார்கள். ஒன்றும் இல்லாத நேரத்தில் கை போதும். ரத்தம் எடுத்தபோது ஒரு கையை சிஸ்டர் பிடித்திருக்க, மற்ற உள்ளங்கையில் அம்மா நண்டூருது நரியூருது விளையாடினாள், அக்குள் வரைக்கும் போவதற்குள் ஊசி எடுத்தாகிவிட்டது. எட்டு ஒன்பது வயதுக்கு விடுகதை, அதற்கு மேல் அவர்களுக்குப் பிடித்த பாட்டும் ஹெட்போனும். ஊசியைப் பார்த்தே ஆக வேண்டும் என்கிற பிள்ளைகளும் உண்டு, அவர்கள் கண்ணை மறைத்தால்தான் ரகளை, பார்க்க விட்டுவிடுங்கள்.

இதில் நாமே கெடுக்கிற இடம் ஒன்று இருக்கிறது. “பயப்படாத, ஒண்ணுமில்ல” என்று திரும்பத் திரும்பச் சொன்னால் பயம் கூடுகிறது. நம் குரலிலேயே பிள்ளை ஏதோ இருக்கிறது என்று கண்டுபிடித்துவிடும். யேல் பல்கலைக்கழகத்தில் ஜீவ் கெய்ன் என்ற மயக்க மருத்துவரின் குழு 2007-இல் வெளியிட்ட ஆய்வில் வீட்டிலேயே மாஸ்க் பழக்குவது, கவனத்தைத் திருப்புவது, பெற்றோருக்குப் பயிற்சி, அளவுக்கு மீறித் தேற்றாமல் இருப்பது எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துச் செய்து பார்த்தார்கள். மாஸ்க் வைக்கிற நேரத்தில் அந்தப் பிள்ளைகள் மிடசோலம் குடித்த பிள்ளைகளுக்கு நிகராக அமைதியாக இருந்தார்கள், தெளியும்போது வருகிற குழப்பமும் குறைந்தது. வெறுமனே அம்மா அப்பா கூட நின்றால் மட்டும் அவ்வளவு பலன் இல்லை என்பதும் இந்த மாதிரி ஆய்வுகளில் வந்ததுதான். நின்று என்ன பேசுகிறோம் என்பதில்தான் இருக்கிறது. அதனால் அன்றைக்கு ஒரே குரல் என்று வைத்துக்கொண்டோம். நான் பேசினால் அம்மா பேச மாட்டாள். “பயமா இருக்கா?” என்று யாரும் கேட்கக் கூடாது. “யானைக்கு முதல்ல மாஸ்க் வைக்கவா, உனக்கா?” மாதிரிக் கேள்விதான். ஆபரேஷன் வேண்டுமா வேண்டாமா என்பது அவன் கையில் இல்லை, அந்த மாதிரிப் பொய்யான தேர்வையும் கொடுக்கக் கூடாது.

வாசலில் இருந்து பிள்ளையைப் பிடுங்கி வாங்காமல், உள்ளே இருக்கிற சிஸ்டர் ஐந்து நிமிஷம் முன்னாலேயே வெளியே வந்து விளையாட முடியுமா என்று கேட்டு வைத்திருந்தேன். வந்தார்கள். எங்களை மாஸ்க் வைக்கிற வரைக்கும் உள்ளே விட்டார்கள், விடாத இடங்கள் நிறைய, அங்கே இந்தச் சிஸ்டர்தான் பாலம். உள்ளே போகிறவர்கள் ஒன்றுக்குத் தயாராக இருங்கள். ஒரு நிமிஷம் போல ஆகும், கண் மேலே சொருகும், கை கால் உதறும், குறட்டை மாதிரிச் சத்தம் வரும். எல்லாம் மயக்கம் ஏறுகிற வழிதான். போங்கள் என்றதும் கேள்வி கேட்காமல் போய்விட வேண்டும். அழுவதை வெளியே வந்து வைத்துக்கொள்ளலாம், நான் வைத்துக்கொண்டேன்.

இந்தத் தடவை தெளியும்போது பத்து நிமிஷம் முனகினான், யானையைத் தேடினான், தூங்கிவிட்டான். வலிக்காக முதுகுக்குக் கீழே ஊசி போட்டிருந்தால் சில மணி நேரம் கால் மரத்திருக்கும். கால் எங்கே போச்சு என்று பிள்ளை பதறும், அதையும் முதல் நாளே சொல்லி வைத்தால் நல்லது, நிற்க வைக்கும்போது பிடித்துக்கொள்ள வேண்டும். மாஸ்க்கைக் கேட்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டோம். நாலாம் நாள் அடுப்படி வாசலில் அம்மாவைப் படுக்கப் போட்டு, குல்லா மாட்டி, விரலில் துணி கிளிப்பைக் கவ்வ விட்டு, மாஸ்க்கோடு குனிந்து நின்றான்.

“காலையில என்ன சாப்பிட்டீங்க ஆச்சி?”

“ஒரு டம்ளர் பால்தாம்ல.”

மாஸ்க்கைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டான். “இன்னைக்கு ஆபரேஷன் கிடையாது. கார் பிடிச்சு வீட்டுக்குப் போங்க.”